டாக்டர் கையெழுத்து

ஜெலுத்தோங் கிளினிக்கில் பதினெட்டு வருஷம்
குலவீரசிங்கம் டாக்டர் கிறுக்கியதைப்
படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.
கடுகு வெடித்துச் சிதறியது போல் எழுதுவார்.
அதில் எது இருமல் மருந்து, எது பாதி மாத்திரை என்று
வேறு யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்கும்.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு சாக்கடை.
கடல் ஏறினால் அதுவும் ஏறும்.
ஏறிய வாரம் காய்ச்சல்.
அதே வீடுகள், அதே பிள்ளைகள்,
டோக்கன் நம்பர் மட்டும் மாறும்.
லோரி ஓட்டும் அந்தோணியின் மகள் ரெஜினா,
ஏழு வயது,
நாலாவது முறை வந்தவள் திரும்பிப் போகவில்லை.
பத்திரத்தில் 'காரணம்' என்ற கட்டத்தின் மேல்
பேனா நின்றது.
"சாக்கடை என்று எழுதினால் ஏற்பார்களா, தவமணி?"
ஏற்க மாட்டார்கள் என்றேன்.

அந்த வருஷம் தேர்தலில் நின்றார்.
சாவி சின்னம்.
கோப்பிக்கடை கோப்பிக்கடையாகக் கை குலுக்கினார்;
குலுக்கும்போதே இரண்டு விரல்
மணிக்கட்டுக்கு நழுவிவிடும்.
ஹொக்கியேன் கிழவி ஒருத்தியிடம்
ஓட்டுக் கேட்கப் போய்
"பிரஷர் கூட இருக்கிறது, நாளைக்கு வா" என்று
சொல்லிவிட்டு வந்தார்.
வந்தாள்.
ஓட்டும் போட்டிருப்பாள்.
நானூற்றுப் பதினொன்று வித்தியாசம்.

பிறகு வந்த நோய்கள் வேறு:
சிவப்பு அடையாள அட்டை,
பறிபோன கடை லைசென்ஸ்,
தமிழ்ப்பள்ளிக் கூரை.
எல்லாருக்கும் கடிதம் எழுதினார்.
எல்லாம் திரும்பி வந்தன,
கையெழுத்துப் புரியவில்லையாம்.
இரவு பத்து மணிக்கு
மருந்துச் சீட்டு மாதிரி அவற்றைப் படித்துத்
தட்டச்சு செய்தேன்.
ஒன்றில், பழக்கதோஷம்,
மாண்புமிகு ஐயா என்று தொடங்கி
சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை என்று முடித்திருந்தார்.
திருத்தாமல் அனுப்பினேன்.
அதற்குத்தான் முதலில் பதில் வந்தது.

சாக்கடையை மூட ஒன்பது வருஷம்.
குழு, துணைக்குழு, மதிப்பீடு, மறுமதிப்பீடு.
அதற்குள் அவருக்கே சர்க்கரை.
விரல் மெலிந்தது, பேச்சு தடித்தது.
"நெஞ்சில் காது வைத்துக் கேட்ட மனுஷன்
மைக் இல்லாமல் பேச மாட்டேன் என்கிறீர்கள்" என்று
ஒரு நாள் சொல்லிவிட்டேன்.
மூன்று நாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
கத்தரிக்கோல்கூட.

சிமெண்டு மூடியில் அவர் பேர் பொறித்தார்கள்,
ஓர் எழுத்துக் குறைவாக.
திருத்தச் சொல்லவா என்றேன்.
"கீழே தண்ணீர் ஓடுகிறதா பார்" என்றார்.
குனிந்து கேட்டேன்.
ஓடியது.

அடுத்த தேர்தலில் தோற்றார்.
மறுநாள் எட்டு மணிக்கு
இரும்புக் கதவை அவரே தூக்கினார்.
முதல் ஆள், எதிர்த்தரப்புக்குச் சுவரொட்டி ஒட்டிய இருளப்பன்.
கையில் இன்னும் பசை.
"டாக்டர், நான் உங்களுக்குப் போடவில்லை."
"தெரியும். நாக்கை நீட்டு."

சீட்டு என் சன்னலுக்கு வந்தது.
அதே கடுகு.
ஒரு சொல் மட்டும் எனக்கே பிடிபடவில்லை.
உள்ளே போய்க் காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
அவரும் வெகுநேரம் பார்த்தார்.