வாங்கும் விலை, விற்கும் விலை

சதாம் வீதியில் மழை.
காசு மாற்றும் கடைக்குள் ஒதுங்கிய இருவரும்
ஒன்றும் மாற்ற வந்தவர்கள் அல்லர்.
ஈரப் பையைக் கவிழ்த்து எதையோ தேடினாள் ஸொரியானா.
கண்ணாடி மேல் விழுந்தது
ஐந்து ஹிரிவ்னியா, நீலத்தாள்.
எங்கள் விலைப்பலகையில் அந்தக் கொடியே இல்லை.

தொங்கு மீசை. தொப்பியில் இறகு.
யார் இது என்று கேட்டது என் பிழை.

"பொஹ்தான். எங்கள் ஹெத்மான்.
போலந்துப் பிரபுக்களின் நுகத்தை
எங்கள் பிடரியிலிருந்து கழற்றியவன்."

"நெமிரிவ் என்று ஓர் ஊர்" என்றான் யுகிம்,
குடையை மடக்கியபடி.
"ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு.
இவன் பேரைச் சொல்லி வந்த குதிரைகள் போன பிறகு
என் ஆட்களின் தெருவில்
செத்தவர்க்குப் பிரார்த்தனை சொல்லப்
பத்து ஆண்கள் மிஞ்சவில்லை."

அவள் மறுக்கவில்லை.
வேறொரு கணக்கைத் திறந்தாள்:
மொஸ்கோ மன்னனோடு அவன் கட்டிய உடன்படிக்கை
முந்நூற்றெழுபது வருட வட்டியோடு
போன கிழமை
அவள் தங்கையின் மாடியில் வந்து விழுந்ததாம்.

கீவ் சதுக்கத்தில் அவனுக்கு வெண்கலக் குதிரை,
நீட்டிய கையில் தண்டம்.
வழி காட்டுகிறான் என்பார்களாம் முன்பு.
எச்சரிக்கிறான் என்கிறார்களாம் இப்போது.
தண்டம் அசையவில்லை.

"உங்கள் தாளில் யார்?"
ஐந்நூறு ரூபாயை எடுத்துக் காட்டினேன்: கிளி.
இருபதில் ஆந்தை.
கெட்டிக்கார நாடு என்று சிரித்தார்கள்,
அன்று முதன்முறை, இருவரும் சேர்ந்து.

நான் சொல்லவில்லை.
வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியிலும்
ஒரு முகம் இருந்தது, அலுமாரிக் கதவின் உட்பக்கம்.
ஆமி படியேறிய இரவில்
அம்மா அதை அடுப்பில் வைத்தா.
பெரியமாமா அழுதார்.
மகனைப் பறிகொடுத்திருந்த சின்னமாமா
இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்று என்றார்.
பெரியமாமாவின் செத்தவீட்டுக்கு
அவர் வரவில்லை.

மழை விட்டது.
தாளை அவள் எடுக்கவில்லை. அவனும்தான்.
அழகாயிருக்கு, கண்ணாடிக்கு அடியில் செருகு என்றார் ஹாஜியார்.

பின்பக்கம் சின்னதாய் ஒரு தேவாலயம்.
அவன் கட்டியது; அவனைப் புதைத்ததும் அங்கேதான்.
எலும்பு இப்போது அதில் இல்லை என்று
வாசலில் வைத்து யுகிம் சொல்லிவிட்டுப் போனான்.

எந்தப் பக்கம் மேலே என்று
ஹாஜியார் சொல்லவில்லை.
இரு விரலிடுக்கில் தாளைப் பிடித்தபடி நிற்கிறேன்.
வரிசையில் அடுத்தவன்
கண்ணாடியைத் தட்டுகிறான்:
டொலர் இன்றைக்கு எவ்வளவு?