ஐந்து விரல், இரண்டு நட்சத்திரம்

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலை வரிசை முடிகிற இடத்தில்
முப்பிடாதி எருவாட்டி தட்டுகிறாள்.
நான் விற்கிறேன்.
என் கடையில் முன்பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜ், பட்டா நகல்.
பின்பக்கம் முழுக்க அட்டைப்பெட்டி.

முதல் நாள் கைப்பேசியோடு அவள் களத்துக்கே போனேன்.
படிவம் கேட்டது: பிராண்டின் பெயர்?
"எம் பேரையே போடுட்டி."
நிறம்?
"வாங்குதவனுக்குக் கண்ணு இல்லியா?"
காலாவதி தேதி?
குனிந்து, வெயிலில் கிடந்ததைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்:
"மழை வார வரைக்கும்னு எழுது."

பன்னிரண்டு கொண்ட கட்டு நூற்று நாற்பத்தொன்பது.
அதில் கூரியருக்கு எழுபத்திரண்டு,
கம்பெனிக்கு இருபத்தாறு,
பெட்டிக்கும் டேப்புக்கும் பதினொன்று,
எனக்குப் பத்து.
மிச்சம் முப்பது.
இரண்டு தடவை கூட்டச் சொன்னாள்.
"மாடு இதுல எந்த வரியில வருது?"
நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு என் பத்தை ஐந்தாக்கி
தவிடு என்று எழுதினேன்.

ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்று,
இத்தனை காத்தாடிகளைச் சுற்றிவிட்ட பிறகும் மீதமிருப்பது,
இரண்டே நாளில் காயவைத்துவிடும்.
பெங்களூர்ப் புதுவீடுகளுக்குப் போனது.
கணபதி ஹோமத்துக்குப் போனது.
ஹைதராபாத்தில் ஒருத்தர் எதற்கென்று சொல்லாமலே
மாதம் நான்கு கட்டு.
ஆவணி முடிவதற்குள் அறுபது.

புனேயிலிருந்து இரண்டு நட்சத்திரம் வந்தது.
"எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் விரல் தடம்.
அருவருப்பாக இருக்கிறது."
படமும் போட்டிருந்தார்கள்.
அவளுடைய வலது கை.
சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் விலகி,
யாரையோ நிறுத்தச் சொல்வதுபோல.

எனக்குப் பயம். நட்சத்திரம் குறைந்தால்
ஏழாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள்,
ஏழாம் பக்கத்துக்கு ஆளும் வராது, பஸ்ஸும் வராது.
வள்ளியூர் பட்டறையில் வட்ட அச்சு ஒன்று சொன்னேன்.
இரும்பு. ஆயிரத்து எண்ணூறு.

அந்தச் சனிக்கிழமை ரேஷன் கடையில்
மெஷின் மூன்று தடவை சொன்னது: ரேகை பொருந்தவில்லை.
கட்டைவிரலைச் சேலையில் துடைத்தாள்.
எலுமிச்சைத் தோல் தேய்த்துப் பார்த்தார்கள்.
"தேஞ்சு போச்சும்மா" என்றார் கடைக்காரர்,
கண்ணைக் காட்டி அரிசி வாங்கினாள்.
திரும்பி வருகையில், சைக்கிளில் மூட்டை, நடுவழியில் கேட்டாள்:
"இவ்வளவு கிட்டத்துல தெரியாத ரேகை
புனேக்காரனுக்கு மட்டும் எப்படிட்டி தெரிஞ்சுது?"

அச்சு வந்தது. அழகான வட்டம்,
ஓட்டலில் இட்லி மாதிரி ஒன்றுபோல் எல்லாம்.
பத்தாம் நாள் நாக்பூரிலிருந்து திரும்பின, பெட்டியோடு:
நடுவில் ஈரம், வெள்ளைப் பூசணம்.
திரும்பி வந்த கூரியரும் நம் கணக்கில்.
பூசணத்தை நகத்தால் சுரண்டிவிட்டு
அவள் ஒன்றும் பேசாமல் சாணியில் கைவைத்தாள்.
தட்டியதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்:
விரல் அழுந்திய ஐந்து இடத்திலும் மெலிசு,
அந்தப் பள்ளம் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது.
இத்தனை நாள் விற்ற எனக்கு அது தெரியாது.

அச்சு இப்போது மாட்டுத்தண்ணித் தொட்டிக்கு மூடிமேல் பாரம்.
விவரப் பகுதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
கையால் தட்டியது. தடம் இருக்கும்.
அதைப் படித்துவிட்டு வாங்காமல் போகிறவர்களும் உண்டு.

இன்றைக்கு ஒன்பது கட்டு. அதில் ஒன்று கவுகாத்தி.
"அது எங்கன இருக்கு?"
வரைபடத்தைத் திறந்து கொடுத்தேன்.
விரலை வைத்து இழுத்தாள். திரை அசையவில்லை.
இன்னொரு விரல். அதற்கும் அசையவில்லை.
என் விரலைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்து
வடக்கே, வடக்கே, இன்னும் வடக்கே என்று
அவளே தள்ளிக்கொண்டு போனாள்.