இரண்டு விரல் இடைவெளி

தங்க நிறத்தில் நான்கு டேம்பர்கள்
பெட்டியில் வந்து இறங்கின.
முப்பத்திரண்டு நிலைகளில் திருகலாம் என்றது
கூட வந்த காகிதம்.
முப்பத்திரண்டில் வைத்தேன்.
இல்லையென்றால் அந்த எண்ணை ஏன் கொடுக்கிறார்கள்?

தரையோடு தரையாகக் காரைத் தாழ்த்தினேன்.
டயருக்கும் மேல்வளைவுக்கும் நடுவே
ஒரு விரல் நுழையாது.
இலீடியோ முழங்காலிட்டுப் பார்த்து
விசிலடித்தான்.
அந்த ஒரு விசிலுக்கு
ஐந்து மாதச் சேமிப்பு.

அமராந்தியில் பழைய தெருக்களெல்லாம் கல் பதித்தவை.
ஒவ்வொரு கல்லும்
என் முதுகெலும்பில் தன் பெயரைச்
சொல்லிவிட்டுத்தான் விட்டது.
இரண்டாம் வாரம் ஃபவுஸ்டாவின் கடைவாய்ப் பல்லில்
அடைத்திருந்தது கழன்று விழுந்தது.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அதைக் கைக்குட்டையில் முடிந்து
டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கினாள்.
மறுநாளிலிருந்து பேருந்து.

சரி, சொகுசு போகட்டும்,
மலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
மராவோ ஏற்றத்தில்
பைன் வேர்கள் தாரைத் தூக்கிவிட்ட
அந்த இடது வளைவு.
பின்சக்கரங்கள் தரையை விட்டன.
ஒரு கணம்தான்.
அந்தக் கணத்தில் ஸ்டீயரிங்
எதனோடும் சம்பந்தமில்லாத
ஒரு வட்டமாக என் கையில் இருந்தது.
இதே வளைவை, தொளதொளத்த பழைய ஸ்பிரிங்கோடு
பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கடந்தவன் நான்.

சொந்தக் காசில் சூனியம்.
இலீடியோவிடம் சொல்லவில்லை.

தியோலிண்டாவிடம் போனேன்.
தீயணைப்பு நிலையத்து ஆம்புலன்ஸ்களைப் பார்த்துக்கொள்பவள்.
எதையும் கழற்றவில்லை.
டேம்பர் தண்டில் ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டி
"பாலம் வரை போய் வாருங்கள், மெதுவாக" என்றாள்.
மெதுவாகத்தான் போனேன்.
திரும்பி வந்தபோது நாடா உச்சிக்கு ஏறி
ரப்பர் கட்டையோடு ஒட்டிக்கிடந்தது.

"ஸ்பிரிங்குக்கு மடங்க இடமே வைக்கவில்லையே.
இத்தனை நாள் இந்த ரப்பரின் மேல்
உட்கார்ந்து ஓட்டியிருக்கிறீர்கள்."

அதன்பின் அடியில் படுத்தாள்.
நான் விளக்குப் பிடித்தேன்.
"இந்த போல்ட்டையெல்லாம் எப்போது முறுக்கினீர்கள்?
ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதா?"
"ஆமாம்."
"அதனால்தான். புஷ் எல்லாம்
திருகிப் பிழிந்தபடி நிற்கிறது,
ராத்திரி நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட."
ஸ்பானரைப் போட்டுத் தளர்த்தினாள்.
கார் 'உம்' என்று முனகி
எங்கேயோ ஓரிடத்தில் உட்கார்ந்தது.
சக்கரங்கள் பலகையில் ஊன்றி
தன் எடையைத் தானே சுமந்து நிற்கும்போது
மறுபடி இறுக்கினாள்.

இருபத்தைந்து மில்லிமீட்டர் உயர்த்தினாள்.
பின்னால் மட்டும் இளகிய ஸ்பிரிங்.
முப்பத்திரண்டிலிருந்து
ஒரு கிளிக், ஒரு ஓட்டம்,
இன்னொரு கிளிக், இன்னொரு ஓட்டம் என்று
மதியம் முழுக்கத் திரும்பி வந்தோம்.
ஒன்பதில் படகு.
பதினொன்றில் அவள் ஜன்னலை இறக்கி
சிகரெட் பற்றவைத்தாள்.
சாம்பல் உதிரவில்லை.
"போதும்" என்றாள்.

தனியாக மலைக்குப் போனேன்.
வேர் வந்தது.
வந்தது தெரிந்தது.
சக்கரம் ஏறி, இறங்கி,
தரையிடம் சொன்னதை என்னிடமும் சொன்னது.
அவ்வளவுதான்.
வேகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்;
கீழே வந்தபின்தான் தெரிந்தது,
அந்த வளைவை எப்போதையும்விட வேகமாக எடுத்திருக்கிறேன்.

இலீடியோ மறுபடி முழங்காலிட்டான்.
இடைவெளியில் இரண்டு விரலை விட்டு ஆட்டினான்.
"என்ன, டிராக்டரா?"
பதில் சொல்ல ஆசைதான்.
அவனுடைய காரையும் நான் பார்த்திருக்கிறேன்:
தெருமுனைக் கல்லில் ஏறும்போதெல்லாம்
நாக்கைக் கடித்துக்கொள்ளாமலிருக்க
வாயை இறுக மூடுவான்.

ஃபவுஸ்டா இன்னும் பேருந்தில்தான் போகிறாள்.
நானும் கூப்பிடவில்லை.
அந்தக் கைக்குட்டை முடிச்சு
முன்பெல்லாம் தெரு தாண்டுவதற்குள்
துள்ளிக் காலடியில் விழும்.
இன்று டாஷ்போர்டில் அதே இடத்தில் வைத்து
பாலம் வரை கல் தெருவிலேயே ஓட்டிப் பார்த்தேன்.
பெரிய கல்லில் ஒருமுறை லேசாக அசைந்தது.
விழவில்லை.

வியாழக்கிழமை நிறுத்தத்தில்
அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
கதவைத் திறந்து
முடிச்சைக் காட்டலாம்.