கத்திக்குக் கீழே சில கருத்துகள்

பேப்பர் மில்ஸ் ரோட்டில்
குணாளன் சலூனுக்கு இன்னும் அதே பெயர்தான்.
குணாளன் மட்டும் இல்லை.
மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும்
இரண்டு நாற்காலியையும் பிஜ்னோர் பையன்களிடம்
ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டுப் போட்டு ஒன்பது நாள். ஞாயிறு.
கழுத்தில் துணியைச் சுற்றி முடிச்சிடுகிறான் இர்ஃபான்.
"மீடியமா, ஷார்ட்டா அண்ணா?"
இவ்வளவு தமிழுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது அவனுக்கு.
அதில் தமிழ் "அண்ணா" மட்டும்தான் என்பது
எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.
"மீடியம்" என்கிறேன்
நானும் தமிழில்.

சுவரில் டிவி.
நாலு கட்டத்துக்குள் நாலு பேர் கத்துகிறார்கள்.
சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறான்.
அவனுக்குப் புரியாது,
எனக்கு வேண்டாம்.

அறுபத்தைந்தில் அப்பா
தார் டப்பாவோடு ஸ்டேஷன் பலகையில் ஏறினவர்.
இறங்கும்போது வேட்டியில் சொட்டிய தார்
எத்தனை துவைத்தும் போகவில்லை.
அம்மா அதைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினாள்.
அவர் மகன் ஐ.சி.எஃப்.பில்
ரயில் பெட்டிகளுக்கு எழுத்தடிக்கிறேன்.
சங்கிலியை இழுக்க, கதவில் சாயாதே,
எல்லாம் மும்மூன்று மொழியில்.
வேலைக்குச் சேர்ந்த வாரம்
இந்தித் தகட்டில் எது தலை எது கால் தெரியாமல்
ஒரு பெட்டி முழுக்கக் கவிழ்த்து அடித்துவிட்டேன்.
பெட்டி பரௌனி வரை போய்வந்தது.
யாரும் புகார் எழுதவில்லை.

அந்தத் தகடுகள்தாம் எனக்குத் தெரிந்த இந்தி.
கத்ரா, ஜஞ்ஜீர், ஷௌசாலய்.
ஆபத்து, சங்கிலி, கழிப்பறை.
இதை வைத்து ஒருவனோடு என்ன பேசுவது?
யோசித்தால்
நாட்டு நடப்புக்கு இது தாராளம்.

கிருதாவை நேராக்கக் கன்னத்தைத் திருப்புகிறான்.
அவன் விரலிலும் மை.
என்னுடையது நகத்தடியில்,
அவனுடையது நகத்தோடு பாதி ஏறிவிட்டது.
அவன் ஊரில் எங்களுக்கு முன்பே முடிந்துவிட்டதாம்.
நாற்பத்தாறு மணி நேரம் ஜெனரலில் போய்
குத்திவிட்டுத் திரும்பியிருக்கிறான்.
"தூங்கினியா?"
"கதவு மேல அண்ணா. சாஞ்சி."
என் எழுத்தின் மேல் சாய்ந்து தூங்கியிருப்பான்.
யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
தொண்டைக் குழியில் கத்தி இருக்கும்போது
எனக்குக் கூட்டாட்சியில்
நம்பிக்கை அதிகம்.

போன தடவை போனில் பணம் அனுப்பினேன்.
திரையில் என் பெயரைப் பார்த்துவிட்டு
"கே எழில்மாறன்... கே ஜாதியா?" என்றான்.
"இல்லப்பா, அப்பா."
நாங்கள் எல்லாம் வாலை வெட்டி எறிந்தவர்கள் என்று
பெருமையாய் ஆரம்பித்தேன்.
ஆவணியில் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது
தரகர் முதலில் கேட்டது நினைவுக்கு வந்தது.
நான் தயங்காமல் சொன்னதும்.
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
அவனுக்கு என் தமிழ் புரியவில்லை போல.

இப்போது படிக்கக் கற்றுக்கொள்கிறானாம்.
29சி-யின் பலகையிலிருந்து தொடக்கம்,
பிறகு மருந்துக் கடை, இரங்கல் சுவரொட்டி.
முகத்தில் நுரை தடவிக்கொண்டே ஒப்பிக்கிறான்
பெ, ர, ம், பூ, ர்.
"சபாஷ்" என்றேன்.
அது எந்த மொழிச் சொல்லோ.

போன மாதம் இவன்தான் கேட்டான்
எங்கள் மாடி காலியா என்று.
நாலு பையன்கள், முன்பணம் கையில்.
ஆள் வந்தாச்சு என்றேன்.
வீட்டில் அவளும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.
பேசாமலே ஒத்துப்போன விஷயங்களில் அதுவும் ஒன்று.
கேட்டில் தொங்கும் அட்டையை
நான்தான் எழுதினேன், நல்ல கையெழுத்தில்,
தமிழில் மட்டும்.
அதன் வழியாகத்தான் தினமும்
டீ ஃபிளாஸ்க்கோடு போய்வருகிறான்.

மோவாயை இரண்டு விரலால் தூக்குகிறான்.
மேலே மின்விசிறி.
கத்தி கீழிருந்து ஏறி வருகிறது.

"அண்ணா, வா, ட, கை...
அப்படீன்னா?"

எச்சில் விழுங்குகிறேன்.

"ஆடாதீங்க அண்ணா."