ஒன்று சொல்லாத எண்ணிக்கை

மாலை ஐந்தரைக்கு
ஃபிராங்க்ஃபுர்ட் பங்குச்சந்தை மாடத்தில்
எனக்குத் தொண்ணூறு விநாடி.
பின்னால் கறுப்புப் பலகை, அதில் அன்றைய கோடு.
பத்தொன்பது வருடம் அதற்கு முதுகு காட்டியே பேசினேன்.
விழுகிறதா ஏறுகிறதா என்பதை
டெட்லெஃபின் புருவத்தில் பார்த்துக்கொள்வேன்.
நல்ல ஒளிப்பதிவாளர். தன் சேமிப்பு முழுவதையும்
தபால்நிலையக் கணக்கில் போட்டிருந்தவர்.

தொடக்கத்தில் வானொலி. விடிகாலை ஐந்து மணிக்குப்
பன்றி இறைச்சியின் மொத்த விலை வாசித்தேன்,
வெள்ளிக்கிழமை விரதத்தோடு.
பிறகு திரை.
குலவீரசிங்கம் அடிப்பட்டையில் அடங்கவில்லை,
குறியீட்டெண்ணை மறைத்தது.
தர்மினி கே. ஆனேன்,
நீதிமன்றச் செய்தியில் வருகிற ஆளைப்போல.

சிவப்பு உடுத்தக் கூடாது, அது இறக்கம்.
பச்சையும் கூடாது, அது ஏற்றம்.
ஆக, எந்தப் பக்கமும் சாயாத சாம்பல்.
அலுமாரியில் பதினொரு சாம்பல் கோட்டுகள்.
கூறைச்சேலை கட்டிய அன்று அம்மாவிடம் சொன்னேன்,
"இன்றைக்குச் சந்தை நாலு சதவீதம் விழுந்திருக்கு."
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வருடக் கடிதங்கள்
என் ஜெர்மன் அழகாயிருக்கிறது என்றன,
ஒஃபன்பாக்கில் பிறந்தவளிடம்.
பத்தாம் வருடம் ஒருவர் பெயர் போடாமல்
கையால் எழுதியிருந்தார்:
உங்களை நம்பி வாங்கினேன். மனைவிக்குத் தெரியாது.
நான் எதையும் யாரையும் வாங்கச் சொன்னதில்லை.
அந்தக் கடிதம் இன்னும் கைப்பையில்.

காதுக்குள் உல்ரிக்கே எண்ணுவாள்:
ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு.
ஒன்றை மட்டும் சொல்லமாட்டாள்.
ஒலிவாங்கியில் விழுந்துவிடும். தொழில் வழக்கம்.
அந்த வெற்றிடத்தில்
எனக்கு அப்பாவின் குரல் கேட்கும்.
ரயில்நிலையத்துக்கு எதிர்த் தெருவில் வைத்திருந்த கடையில்
அரிசிப் பைகளை இறக்கும்போது
அவர் ஒன்று என்று தொடங்கியதே இல்லை:
லாபம், இரண்டு, மூன்று...
நாற்பது பை என்றால்
முப்பத்தொன்பது எண்ணும் ஒரு நம்பிக்கையும்.
ஏழாம் வருடம் கடை மூடியது.
மிஞ்சிய பைகளையும்
லாபத்தில்தான் தொடங்கினார்.

ஒரு பெப்ரவரி வியாழன்.
ஹனாவில் ஹெல்ட்மார்க் ஆலை மூடுகிறது.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.
இடங்கள் என்றுதான் எழுதுவோம்.
ஆட்கள் என்று எழுதினால்
அடுத்த வரிக்குப் போக முடியாது.
அடுத்த வரி: பங்கு ஆறு சதவீதம் ஏறியது.
ஏறியது என்ற சொல்லுக்கு
என் வாயோரம் தானாகவே உயரும்.
உயர்ந்தது.

இரவு அண்ணன் அழைத்தான்.
பகீரதன், ஹெல்ட்மார்க், இரண்டாம் கூடம், இரவு முறை.
கோபப்பட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.
அவன் கேட்டது:
"ஏறுது எண்டு சொன்னாய்.
நான் கொஞ்சம் வாங்கட்டோ?"
அவன் வீட்டுத் தொலைக்காட்சியில்
என் மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது.
நான் என்ன சொல்லப்போகிறேன் என்று
இரண்டு பேரும் காத்திருந்தோம்.

மறுநாள் மாடத்தில்
ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு.
"ஒன்று" என்றேன்.
நேரலையில், தமிழில்.
தொண்டையைச் செருமினாள் என்று
ஜெர்மனி நினைத்திருக்கும்.
டெட்லெஃபின் புருவங்கள் இரண்டும் உயர்ந்தன,
இம்முறை பலகைக்காக அல்ல.
பிறகு வழக்கம்போல் எண்ணெய், யூரோ, வாகனப் பங்குகள்.
கோடு அன்று என்ன செய்தது என்று நினைவில்லை.

மீதி ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று.
இன்னும் எண்ணி முடிக்கவில்லை.