துப்பு

நவம்பர். நான்கரைக்கே இருட்டிவிட்டது.
சாரெமா தீவில் படகிறங்கி, பேருந்து மாறி
பெட்டியில் முப்பது பிரதிகளோடு வந்து சேர்ந்தேன்.
குரெஸ்ஸாரே நூலகத்தில் நாற்பது நாற்காலிகள்.
பதின்மூன்று பேர்.
அதில் இருவர் ஹீட்டருக்காக வந்தவர்கள்,
ஒருவர் என் பழைய பல் மருத்துவர்.

ஈரக் கம்பளிக் கோட்டுகளில்
ஒளிர்வில்லைகள் தொங்கி ஆடின.
இருட்டுச் சாலையில் கார்க்காரன் கண்ணில் பட
இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்வது.
புது நாவலில் செத்துப்போகிறவள்
மாட்ட மறந்தவள்.
இதற்கு மேல் சொன்னால்
பதிப்பகத்துக் கெர்லி பின்வரிசையிலிருந்து முறைப்பாள்.

"மாரிக்கா லெப்பிக், பதினோராவது நாவல்.
எடுத்தால் கீழே வைக்க முடியாது"
என்றார் நூலகர் உர்வே.
எழுதும்போது எத்தனையோ முறை கீழே வைத்தேன்.
ஒரு தடவை, இரண்டு வருடம்.

முதல் அத்தியாயம் வாசித்தேன்.
பிணம் கிடைக்கிற பக்கத்தில்
ஹீட்டர்காரர் ஒருவர் குறட்டை விட்டார்.

பிறகு அந்தக் கேள்வி, எல்லா ஊரிலும் வருவது:
உங்களுக்குப் பிடித்த புத்தகங்கள்?

வானொலிக்கென்று கௌரவமான பட்டியல் ஒன்று உண்டு.
அது வாயில் வரவில்லை.
பல் மருத்துவருக்கு முன்னால் பொய் சொல்வது கஷ்டம்.

காளான் கையேடு, என்றேன்.
ஒரு நாள் வயிற்றைப் புரட்டி
மறுநாள் 'தேறிவிட்டேன்' என்று நம்பவைத்து
அப்புறம் கொல்கிற ஒன்றைப் பற்றி
அதில் ஒன்பதே வரி.
அப்படிக் கதை கட்ட எனக்கு இன்னும் கை வரவில்லை.

எழுபத்துநான்காம் வருடத்துத் தொலைபேசிப் புத்தகம்.
என் ஆட்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் பெயர்.
கொலையாளிக்கு மட்டும்
சுழற்றிப் பார்த்து
யாரும் எடுக்காத எண்ணாகத் தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம், இதே நூலகத்துப் புத்தகம் ஒன்று.
அட்டையில் ரொட்டிக்கடை, சன்னலில் ஒரு கை.
தலைப்பு நினைவில்லை.
எனக்குப் பதினோரு வயது, மழை விடாத வாரம்.
ரொட்டிக்காரரைக் கொன்றது யார் என்று
துப்பறிகிறவர் வாயைத் திறக்கும் இடத்தில்
கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள்.

பதினோரு கொலை எழுதிவிட்டேன்.
எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கிறேன்.
அந்த ஒன்றில் மட்டும்
துப்புக் கெட்டவள் நான்.

சிரித்தார்கள். உர்வே கைதட்டினார்,
போதும் என்று சொல்கிற கைதட்டல்.

கையெழுத்து வரிசையில் கடைசியாக ஒருவர்.
படகில் டிக்கெட் கிழித்த கை, முப்பது வருடம், என்றார்.
யார் பெயருக்கு?
"லைனேவுக்கு. வீட்டில் வாசிக்கிறவள் அவள்தான்.
உங்கள் ஏழாவது நாவலில்
விஷம் வைப்பவளுக்கு அவளுடைய பிறந்தகப் பெயர்.
அவளுக்கு ரொம்பப் பெருமை."
பிறகு குரலைத் தாழ்த்தி:
"அந்தத் தாள்...
அவள் எண்ணைச் சொன்னபோது
குறித்துக்கொள்ள வேறு காகிதம் இல்லை."

பேனா நின்றுவிட்டது.
நாற்பத்தெட்டு வருடம் தேடிய ஆள்
கையில் கேக் துண்டோடு, உதட்டில் சர்க்கரையோடு.

யார் கொன்றது? என்றேன்.
அச்சில் என்ன இருந்தது?

"அதை யார் பார்த்தார்?
எண்ணைத்தான் படித்தேன்,
பேருந்து நிறுத்தம் வரை, வாய்க்குள்ளேயே."

அந்த எண்ணை நானும் ஒருமுறை சுழற்றியிருக்கிறேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
அவள் அதற்குள் இவர் வீட்டுக்குப் போய்விட்டிருக்கிறாள்.
இதை நான் எழுதினால்
'நம்பும்படி இல்லை' என்று அடித்துவிடுவாள் கெர்லி.

ஒன்பது பிரதி விற்றது.
பல் மருத்துவர் வாங்கவில்லை.
மீதியை இழுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தேன்.
வழியில் ரொட்டிக்கடை, உள்ளே விளக்கு,
கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.
நின்று பார்த்தேன், கொஞ்ச நேரம்.
அப்புறம் கோட்டுப் பையில் கிடந்த ஒளிர்வில்லையை
வெளியே எடுத்துத் தொங்கவிட்டேன்.