மிச்சம் எட்டு

செக்காலை ரோடு மருந்துக்கடையில்
முகக்கவசம் பத்துக் கேட்டேன்.
"திரும்பவும் வந்துருச்சா?" என்றார் வயிரவன்.
"இல்லண்ணே, டெல்லிக்கு. மூணு நாள்."

பெட்டியில் இன்ஹேலர் இரண்டு,
ஒன்று தொலைந்தால் ஒன்று.
ஜன்னல் திறக்க முடியாத அறையாகக்
கேட்டு வாங்கியிருக்கிறேன்,
வாழ்க்கையில் முதல்தடவை.

கைபேசியில் டெல்லி
நானூற்றுப் பன்னிரண்டு.
காபி ஆறுவதற்குள் நானூற்று முப்பது.
கோயில் ஏலம் மாதிரி ஏறுகிறது.
காரைக்குடி என்று அடித்தேன்.
தரவு இல்லை.
நம் காற்றை இன்னும்
யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

ரயிலடிக்குப் போகிற வழியில்
குப்பைமேடு எரிகிறது.
ஆட்டோக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தி
ஒற்றைக் கையில் ஓட்டுகிறார்.
எனக்கு இருமல் வந்துவிட்டது,
இன்னும் ரயிலே ஏறவில்லை.

உறையைப் பிரித்து
அவருக்கு ஒன்று நீட்டினேன்.
எனக்கொன்று.
டெல்லிக்கு எட்டு.